பாரி சாண்டர்ஸ்: இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடியிருக்கக் கூடாதா?

நோவிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனுக்கு வேலை மாறி வந்து பதினோரு மாதம் ஆகிறது. அதுவரை எனக்கு விளையாட்டு என்றால் கிரிக்கெட்தான். அமெரிக்க ஃபுட்பால் என்றால் தலையில் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு முட்டிக்கொள்கிற ஆட்டம் என்ற அளவில்தான் ஞானம்.

ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரர் அறுபதை நெருங்கியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் இடத்தில் ஒரு நீல ஜெர்சி தொங்குகிறது, எண் 20. சட்டம் போட்டு மாட்டியதெல்லாம் இல்லை, சாதாரண ஹேங்கர்தான், கழுத்துப் பக்கம் நைந்துபோயிருக்கிறது. யாருடையது என்று கேட்டேன். பாரி சாண்டர்ஸ் என்றார். அன்று இரவு யூட்யூபில் தேடியவன் ஒரு மணி வரை தூங்கவில்லை. அந்த ஆள் ஓடுகிற ஓட்டத்தை என்னவென்று சொல்வது, நாலு பேர் பிடித்துவிட்டார்கள் என்று நாம் முடிவு செய்தபிறகு ஐந்தாவது ஆள் பக்கத்திலிருந்து வெளியே வருகிறார்.

அப்புறம் விக்கிப்பீடியாவில் பார்த்தால் தலை சுற்றுகிறது. பத்து வருடத்தில் 15,269 யார்டு. அப்போதைய சாதனை வால்டர் பேட்டனின் 16,726. மிச்சம் 1,457. கடைசியாக ஆடிய 1998-ல் மட்டுமே 1,491 எடுத்திருக்கிறார். அதாவது இன்னும் ஒரே ஒரு வருடம் அதே மாதிரி ஆடியிருந்தால் போதும். காயம் எதுவும் இல்லை. ஆனால் 1999-ல் ஆட்டத்தைவிட்டே விலகிவிட்டார், வயது 31.

ஏன் என்று மேசைக்காரரிடம் கேட்டேன். "காபி வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய்விட்டார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதோடு, ரன்னிங் பேக் என்பவரின் வேலை என்ன, ஓட்டத்துக்குச் சராசரி 5 யார்டு என்பதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம், அதையும் ஒரு வரியில் சொன்னால் புண்ணியம்.

கபடிப்பிரியன்:

ஒரு வரியில் முடியாது நண்பரே, ஆனாலும் முயற்சி செய்கிறேன். கபடி பார்த்திருப்பீர்கள் இல்லையா. பாடிப்போகிற ஆள் ஒருத்தன், எதிரே ஏழு பேர். ரன்னிங் பேக் கிட்டத்தட்ட அந்த ரைடர்தான், என்ன, எதிரே பதினோரு பேர், பல பேர் நூறு கிலோவுக்கு மேல், திரும்பி வருகிற வேலை கிடையாது, முன்னாலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் பந்தைக் கையில் திணிப்பார். முன்னால் நிற்கிற ஐந்து லைன்மேன்கள் எதிராளிகளைத் தள்ளி ஒரு சந்து உண்டாக்குவார்கள். அந்தச் சந்து அரை நொடி, முக்கால் நொடி திறந்திருக்கும். அதற்குள் நுழைந்துவிட வேண்டும்.

நாலு வாய்ப்பில் பத்து யார்டு போனால்தான் பந்து உங்களிடமே இருக்கும் (யார்டு என்றால் நம் துணிக்கடை கஜம்தான், மூன்றடி). அதனால் ஒரு ஓட்டத்துக்கு நாலு யார்டு கிடைத்தாலே நல்ல ரன்னிங் பேக் என்பார்கள். இவர் பத்து வருடம், 3,062 ஓட்டம், சராசரி 5.0. இப்போது அந்த ஆரவாரம் புரியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் எண்ணை விடுங்கள். உயரம் ஐந்தடி எட்டங்குலம். தொடை இரண்டும் ஆட்டுரல் மாதிரி. மற்றவர்கள் சந்து திறந்தால் நுழைவார்கள், இவர் சந்து மூடியிருந்தால் அப்படியே நின்றுவிடுவார், ஓடிக்கொண்டிருக்கிற ஆள் சடாரென்று நிற்பார், எதிராளி தன் வேகத்தில் தாண்டிப் போய்விடுவான், இவர் வேறு பக்கம் கிளம்பிவிடுவார். 1992 ஜனவரியில் டல்லாஸுக்கு எதிரான பிளேஆஃப் (சீசன் முடிந்து வருகிற நாக்அவுட்) ஆட்டத்தின் கடைசி டச் டவுனை (பந்தோடு எதிராளியின் கோட்டைத் தாண்டுவது) மட்டும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். நடுவில் போகிறார், டல்லாஸ் ஆட்கள் சுற்றி வளைத்து மூடிவிடுகிறார்கள், ஆள் கண்ணுக்கே தெரியவில்லை, ஆட்டம் முடிந்தது என்று நமக்கே தோன்றுகிறது. அந்தக் கும்பலிலிருந்து ஒரு சுழற்று சுழன்று தனியாக வெளியே வந்து கோட்டுக்குள் போய்விடுகிறார், மொத்தம் 47 யார்டு. பாவம், கும்பலில் இருந்த ரெண்டு பேர் அவர் போனபிறகும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் எனக்குத் தெரியும்.

1997 அக்டோபரில் டாம்பா பேவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 80 யார்டில் ஒன்று, 82 யார்டில் ஒன்று என்று இரண்டு டச் டவுன். அதுவும் அப்போதைய டாம்பா டிஃபென்ஸ் சாதாரணமானதல்ல, வாரன் சாப் எல்லாம் இருந்த கூட்டம்.

ஏன் போனார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் வருவார்கள்.

ஸ்டில்வாட்டர்செல்வம்:

நான் ஓக்லஹோமா ஸ்டேட்டில் முதுகலை படித்தவன். என் காலத்தில் அவர் போய் வருடங்கள் ஆகியிருந்தன, ஆனாலும் முடிவெட்டப் போனால்கூட பாரி பேச்சுதான். இப்போது ஸ்டேடியத்துக்கு வெளியே சிலையே வைத்துவிட்டார்கள். அதனால் நோவிவாசியின் கேள்விக்கு 1999-லிருந்து பதில் தேடுவது சரியில்லை என்பது என் கட்சி. விச்சிட்டாவிலிருந்து தொடங்க வேண்டும்.

கன்சாஸ் மாநிலம், விச்சிட்டா. அப்பா வில்லியம் சாண்டர்ஸ் கூரை போடுகிறவர், தச்சு வேலையும் செய்வார். பதினோரு பிள்ளைகள். கோடை விடுமுறையில் பையன்கள் அப்பாவோடு கூரையில் ஏறி வேலை செய்தாக வேண்டும். கன்சாஸ் வெயிலில் தார்க்கூரை எப்படிக் கொதிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்பா கறாரான ஆள், மகனைப் புகழவே மாட்டார். உலகத்திலேயே சிறந்த ரன்னிங் பேக் ஜிம் பிரவுன், இரண்டாவது நான், மூன்றாவதுதான் என் மகன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

பள்ளியில் அண்ணன் பைரன்தான் ரன்னிங் பேக். தம்பி குள்ளம் என்று ஓரத்திலேயே வைத்திருந்தார்கள். கடைசி வருடத்தின் நடுவில்தான் அந்த இடம் கிடைத்தது. கிடைத்த ஏழு ஆட்டத்தில் 1,417 யார்டு. இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த வருடக் கடைசி ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் ஓடினால் நகரத்திலேயே முதல் என்ற பட்டம் கிடைக்கும் என்று கோச் சொல்கிறார். ஆட்டம் ஏற்கெனவே கையில். பையன் வேண்டாம் என்கிறான், உட்கார்ந்திருக்கிற சின்னப் பையன்கள் ஆடட்டும் என்கிறான். பதினேழு வயதில்!

கல்லூரியில் இரண்டு வருடம் தர்மன் தாமஸுக்குப் பின்னால் காத்திருந்தார். தாமஸும் லேசுப்பட்டவரல்ல, பின்னால் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற ஜாம்பவான்கள் பட்டியலில் சேர்ந்தவர். அந்தச் சமயத்தில் கிக்ஆஃப் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் இவர் முக்கிய வேலை, 1987-ல் அதில் நாட்டிலேயே முதல் சராசரி. தாமஸ் போனபிறகு 1988 வந்தது. பதினோரு ஆட்டத்தில் 2,628 யார்டு, ஓடியே 37 டச் டவுன். நாலு ஆட்டத்தில் முந்நூறுக்கு மேல். சீசன் முடிந்து ஆடிய ஹாலிடே பவுலில் இன்னொரு 222 யார்டு, ஐந்து டச் டவுன், அந்தக் காலத்து விதிப்படி அது கணக்கிலேயே சேரவில்லை. இன்றைக்குப் பையன்கள் பதிமூன்று, பதினாலு ஆட்டம் ஆடுகிறார்கள், பவுல் ஆட்டமும் கணக்கில் சேருகிறது, அப்படியும் அந்த 2,628-ஐ யாரும் தொடவில்லை.

கல்லூரி ஃபுட்பாலில் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை இவருக்கு அறிவித்தபோது அவர் நியூயார்க்கில் இல்லை. டெக்சாஸ் டெக்கோடு ஆட அணி டோக்கியோ போயிருந்தது. அங்கே டிவி ஸ்டுடியோவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, களத்துக்குப் போய் 332 யார்டு ஓடினார்.

அப்புறம் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கிற நிகழ்ச்சி) மூன்றாவது ஆளாக டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தது. அதே முதல் ஐந்தில் ட்ராய் எய்க்மன், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ் எல்லாம் இருந்தார்கள். இரண்டாவதாக கிரீன் பே எடுத்த டோனி மாண்டரிச்சைத் தவிர ஐந்தில் நாலு பேர் ஹால் ஆஃப் ஃபேம். கிரீன் பேக்காரர்கள் இதை இன்னும் நினைத்து நினைத்து அழுகிறார்கள் என்று கேள்வி. கையெழுத்துப் போட்டதற்குக் கிடைத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு விச்சிட்டாவில் தாங்கள் போகும் சர்ச்சுக்குப் போனது.

முதல் வருடம் 1989, கடைசி ஆட்டம் அட்லாண்டாவில். கன்சாஸ் சிட்டியில் கிறிஸ்டியன் ஒகோயே என்று நைஜீரியாவிலிருந்து வந்த மலை போன்ற ஒரு ஆள், 1,480 யார்டு. இவர் 1,470. இன்னும் பதினொரு யார்டு ஓடினால் லீகிலேயே முதல், முதல் வருடத்திலேயே. கோச் வேய்ன் ஃபான்டெஸ் போகிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார், ஆட்டம் ஜெயித்தாயிற்று.

பள்ளியில் ஒரு தடவை, 1989-ல் ஒரு தடவை. 1999 மூன்றாவது தடவை, அவ்வளவுதான்.

சிகாகோசுப்பு:

செல்வம் சார், கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நான் பேட்டன் ஆடிய சிகாகோ பேர்ஸ் அணியின் கட்சி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டாதீர்கள்.

பத்து யார்டு வேண்டாம் என்று உட்காருவது ஒன்று. பயிற்சி முகாம் தொடங்கப்போகிற வாரத்தில், அணிக்கு வேறு ஆள் தேட நேரமே கொடுக்காமல், சொந்த ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு லண்டனுக்குப் போய்விடுவது வேறு. ஆயிரக்கணக்கான பேர் அந்த வருட டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு பேட்டி கிடையாது, ஒரு கூட்டம் கிடையாது. நம் ஆபீஸில் இப்படி யாராவது போனால் மகான் என்றா சொல்வோம்? நோட்டீஸ் பீரியட் எங்கே என்று எச்.ஆர். துரத்தும்.

பணமும் இருக்கிறது. 1997-ல் புது ஒப்பந்தம், கையெழுத்துக்கே 11 மில்லியன் டாலர். இரண்டு வருடம்தான் ஆடினார். மீதியைத் திருப்பிக் கொடு என்று அணி கேட்டது, 5.5 மில்லியன். பஞ்சாயத்துக்குப் போய், தவணை தவணையாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

ஆட்டத்திலும் ஒரு குறை. இவர் பின்னால் ஓடிப் பின்னால் ஓடிச் சந்து தேடுவார், மாட்டினால் மூன்று யார்டு, நாலு யார்டு நஷ்டம். டல்லாஸின் ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித் அப்படி இல்லை, அலுங்காமல் நாலு யார்டு கொண்டுவந்து போடுவார், குருவி சேர்க்கிற மாதிரி சேர்த்து 18,355. இன்றுவரை அதுதான் சாதனை. 1994 டிசம்பர் 31, கிரீன் பே பிளேஆஃப் ஆட்டம், சாண்டர்ஸ் எத்தனை யார்டு தெரியுமா? 13 ஓட்டம், மைனஸ் 1. நான் தப்பாக எழுதவில்லை, மைனஸ்தான். அந்த வருடம் 1,883 எடுத்த ஆள்.

இன்னொன்று, இவர் போனபிறகு 1999-ல் லயன்ஸ் என்ன ஆனது? 8 வெற்றி, 8 தோல்வி, பிளேஆஃபுக்கே போனார்கள். அவர் இருந்த முந்தைய வருடம் 5-11.

எங்கள் பேட்டனுக்கு கல்லீரல் நோய் என்று அந்த பிப்ரவரியில்தான் தெரிந்தது. மெலிந்துபோய் டிவியில் வந்து அழுதார். நவம்பர் 1-ஆம் தேதி போய்விட்டார், வயது 45. சாண்டர்ஸ் ஆடியிருந்தால் அந்தச் சாதனை எப்போது முறிந்திருக்கும் என்று கணக்குப் போட்டால், பேட்டன் இறந்த அதே குளிர்காலத்தில். அது நடக்காததில் எனக்கு அந்தரங்கமாக ஒரு சந்தோஷம் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பழைய பான்டியாக்:

தம்பிகளா, தாமதமாக வருகிறேன். 1990-ல் இந்த ஊருக்கு வந்தவன், கார் கம்பெனி வேலை, இப்போது ஓய்வு. லயன்ஸின் பழைய அரங்கமான சில்வர்டோமில் அவர் ஆடி நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்வர்டோம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். பான்டியாக்கில் இருந்தது. அதன் கூரை துணி, உள்ளே காற்றடித்து அந்த அழுத்தத்தில் பலூன் மாதிரி நிற்கும். ஆட்டம் முடிந்து கதவைத் திறந்தால் உள்ளேயிருக்கிற காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி வெளியே தள்ளிவிடும். தொப்பியைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். தரை செயற்கைப் புல், கிட்டத்தட்ட சிமெண்டில் பாய் விரித்தது மாதிரி. அதில் பத்து வருடம் இப்படிச் சடாரென்று நின்று திரும்பி ஓடியும் அந்த முழங்கால்கள் எப்படித் தாங்கின என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சுப்பு சொல்கிற மைனஸ் கணக்கு உண்மைதான். ஆனால் யார் முன்னால் நின்றார்கள் என்று பார்க்க வேண்டாமா. எம்மிட்டுக்கு டல்லாஸின் அந்த லைன், பந்து வீச எய்க்மன், பிடிக்க எர்வின். இங்கே முதல் வருடங்களில் ரன் அண்ட் ஷூட் என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள், நாலு பேர் பந்து பிடிக்க ஓடிவிடுவார்கள், இவருக்கு முன்னால் வழிவிடுகிற ஃபுல்பேக்கே கிடையாது. குவாட்டர்பேக் வேறு மாறிக்கொண்டே இருந்தார்: பீட், கிரேமர், வேர், மிட்செல், பேட்ச். வந்த சாம்பாரை வைத்துக்கொண்டு விருந்து போட்டவர் அவர்.

பத்து வருடத்தில் அணி 78 வெற்றி, 82 தோல்வி. பிளேஆஃபில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், கபடிப்பிரியன் சொன்னாரே, டல்லாஸுக்கு எதிராக 38-6, அதுதான். அடுத்த வாரம் வாஷிங்டனில் போய் 41-10 என்று உதை வாங்கி வந்தார்கள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு லயன்ஸ் இன்னொரு பிளேஆஃப் ஆட்டத்தை ஜெயிக்க 2024 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வருடம். என் மகள் அப்போது பிறக்கவில்லை, இப்போது அவளுக்கே பிள்ளை இருக்கிறது.

அவர் டச் டவுன் அடித்தால் என்ன செய்வார் தெரியுமா? பந்தை அம்பயரிடம் கொடுத்துவிட்டு நடந்து வருவார். அவ்வளவுதான். 109 தடவையும் அப்படித்தான். கடையில் சில்லறை கொடுக்கிற மாதிரி நீட்டுவார், அம்பயர் வாங்கிக்கொள்வார். பக்கத்தில் இருக்கிறவர்கள் குதித்துக் கட்டிப்பிடிப்பார்கள், இவர் கொஞ்சம் கூச்சத்தோடு தலையை ஆட்டுவார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது ஓட்டத்தால் அல்ல, இதனால்தான்.

இனி நோவிவாசி கேட்டது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், அவர் மனதுக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை.

1997 வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் சேர்த்தே 53 யார்டு. ஆள் தீர்ந்தார் என்று ஊரில் பேச்சு. அதற்கப்புறம் தொடர்ந்து பதினாலு ஆட்டம், ஒவ்வொன்றிலும் நூறுக்கு மேல். மொத்தம் 2,053. பிரெட் ஃபாவ்ரோடு சேர்ந்து எம்.வி.பி., அதாவது லீகின் அந்த வருடச் சிறந்த ஆட்டக்காரர். கடைசி ஆட்டம் டிசம்பர் 21, நியூயார்க் ஜெட்ஸ், சில்வர்டோமில். ஜெயித்தால்தான் பிளேஆஃப். இரண்டாயிரத்தைத் தொட 131 யார்டு வேண்டும், அவர் 184 ஓடினார். ஆனால் அன்று இருந்தவர்கள் யாரும் அந்த 184-ஐப் பேச மாட்டார்கள். நாலாவது குவாட்டரில் ரெஜி பிரவுன் என்ற லயன்ஸ் லைன்பேக்கர் (எதிராளி ஓட்டத்தைத் தடுக்கிறவர்) பையன், 23 வயது, ஒரு மோதலில் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. மூச்சு நின்றுவிட்டது. களத்திலேயே சுவாசம் கொடுத்து உயிர் காப்பாற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேல் ஜனம், ஒரு சத்தம் இல்லை, கூரைக்குக் காற்றடிக்கிற மின்விசிறி ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. இரண்டு அணிக்காரர்களும் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பையன் பிழைத்தான், பிற்பாடு நடக்கவும் செய்தான், ஆனால் ஆட்டம் அன்றோடு போனது. இதே அரங்கில் 1991-ல் மைக் அட்லி என்ற லைன்மேன் கழுத்தெலும்பு முறிந்து, மார்புக்குக் கீழே அசைவில்லாமல் போனதையும் சாண்டர்ஸ் பார்த்தவர், அட்லி அவருக்கு வழிவிட்ட ஆட்களில் ஒருத்தர்.

1998-ல் சென்டர் (லைனின் நடு ஆள்) கெவின் க்ளோவரை அணி விட்டுவிட்டது. பாரி வந்த நாளிலிருந்து முன்னால் நின்றவர், நெருங்கிய நண்பர். லோமஸ் பிரவுன், கிறிஸ் ஸ்பீல்மன் ஏற்கெனவே போயிருந்தார்கள். 1998-ல் 5-11. பிற்பாடு 2003-ல் எழுதிய தன்வரலாற்றில் அவரே இதைச் சொல்கிறார், ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் அணியின் மேலிடத்தில் இல்லை, நல்ல ஆட்களை ஒவ்வொருத்தராக விட்டார்கள், அதில் மனசு விட்டுப்போனது என்று. கடிதத்தில் அப்படியெல்லாம் யாரையும் குறை சொல்லவில்லை. ஆட வேண்டும் என்ற ஆசையைவிட விலக வேண்டும் என்ற ஆசை பெரிதாகிவிட்டது, அந்த அர்த்தத்தில்தான் இருந்தது.

சுப்பு, நோட்டீஸ் பீரியட் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும். முகாமுக்கு முந்தைய வாரம் செய்திருக்கக் கூடாது, மார்ச்சிலேயே சொல்லியிருக்கலாம். அன்று காலை என் ஆபீஸில் யாரும் வேலை செய்யவில்லை. என் மேனேஜர் ரேடியோவை அணைத்துவிட்டு, கிறிஸ்துமஸ் அன்று அப்பா வீட்டைவிட்டுப் போன மாதிரி இருக்கிறது என்றார், ஜூலை மாதத்தில். உங்கள் மேசைக்காரர் காபிக்கு எழுந்துபோனது அதனால்தான் இருக்கும்.

ஆனால் 8-8-ஐக் காட்டாதீர்கள். 6-2 என்று ஆரம்பித்துக் கடைசி நாலையும் தோற்று, எப்படியோ உள்ளே போய், முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டனிடம் உதை வாங்கி வந்தது அந்த அணி. அதற்கப்புறம் 2008-ல் 0-16. பதினாறும் தோல்வி. இந்தப் புண்ணியவான்களிடம் இன்னும் ஆறு வருடம் இருந்திருந்தால் 20,000 யார்டு எடுத்திருப்பார், சரி, நடக்க முடிந்திருக்குமா? கால்வின் ஜான்சனும் இதே ஊரிலிருந்து முப்பது வயதில் போனார், அவரிடமும் அணி பணம் திருப்பி வாங்கியது. இரண்டு தடவை ஒரே மாதிரி நடந்தால் குறை ஆட்டக்காரரிடம் மட்டும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜெர்சிப்பையன்:

பான்டியாக் ஐயா எழுதியதற்கு மேல் என்ன எழுத, ஆனாலும் ஒன்று. செல்வம் அண்ணன் கொடுத்த பட்டியலில் அப்பாவுக்குப் பிடித்த ஜிம் பிரவுனும் இப்படித்தான். 1966, முப்பது வயது, உச்சத்தில் இருக்கிறார், சினிமாப் படப்பிடிப்புக்கு இங்கிலாந்து போனவர் முகாமுக்கு வரத் தாமதம், வராத ஒவ்வொரு வாரத்துக்கும் அபராதம் என்றார் அணி முதலாளி. அப்படியா, நான் ஆடவே இல்லை என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார். ரெண்டு பேரும் இங்கிலாந்தில் இருந்துகொண்டு விலகினார்கள், அப்பா கண்டிப்பாகக் கவனித்திருப்பார்.

இந்தத் தலைமுறையில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லி. 2024 சீசனில் 2,005 யார்டு, எரிக் டிக்கர்சன் 1984-ல் வைத்த ஒரு சீசன் சாதனையான 2,105-ஐத் தாண்ட 101 யார்டு ஓடினால் போதும், கடைசி ஆட்டம் மிச்சம், அதுவும் தன்னை அனுப்பிவிட்ட பழைய அணிக்கு எதிராக. ஈகிள்ஸ் உட்காரவைத்துவிட்டது, பிளேஆஃபுக்குக் கால் முழுசாக வேண்டும் என்று. அடுத்த மாதம் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்தார்கள். சாண்டர்ஸை உட்காரச் சொல்ல அப்படிப்பட்ட காரணம் ஒன்று லயன்ஸிடம் பத்து வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சிகாகோசுப்பு:

ஐயா, அம்பயர் கையில் பந்து கொடுக்கிற விஷயத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. மற்றதில் அப்படியேதான் இருக்கிறேன். மார்ச்சில் சொல்லியிருக்கலாம்.

நோவிவாசி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

இன்று மதியம் சாப்பிடும்போது மேசைக்காரரிடம் 1999 பற்றிக் கேட்காமல், அம்பயரிடம் பந்து கொடுப்பாராமே என்று மட்டும் ஆரம்பித்தேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த நாற்பது நிமிடம் அவர்தான் பேசினார். 1999 சீசனுக்கு அவரும் அவருடைய அப்பாவும் டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்களாம். ஃபேக்ஸ் செய்தி வந்த அன்று அப்பா அந்த ஜெர்சியைக் கழற்றி மகனிடம் கொடுத்து, இதைத் துடைக்கிற துணியாக வைத்துக்கொள் என்றாராம். நைந்த கழுத்து அப்பா போட்டுப் போட்டு நைந்தது. 2023-ல் லயன்ஸின் இப்போதைய அரங்கமான ஃபோர்ட் ஃபீல்டுக்கு வெளியே சாண்டர்ஸ் சிலை திறந்தபோது அப்பா இல்லை. இவர் மட்டும் போய், சிலைக்குப் பக்கத்தில் ஜெர்சியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறார், ஃபோனில் காட்டினார். சிலை ஓடுகிற நிலையில், பந்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு இருக்கிறது. ஆளைவிட ஜெர்சிதான் படத்தில் தெளிவாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். வெறுங்கையோடு போகக்கூடாது. மெதுவடை கொண்டுபோனால் சாப்பிடுவார்களா?

பழைய பான்டியாக்:

தாராளமாக. முப்பது வருடமாக நான் அதைத்தான் கொண்டுபோகிறேன். மிளகை நசுக்கிப் போடுங்கள், முழுதாகப் போட்டால் பொறுக்கி வைத்துவிடுவார்கள். ஆட்டம் ஒரு மணி என்றால் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள்.